மரம் பேணும் தொழில்: கருவியும் கூலியும் காப்பும்

1950-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அன்றைய மத்திய உணவு, வேளாண்மைத் துறை அமைச்சர் கே. எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் ஆண்டுதோறும் மழைக்காலத் தொடக்கத்தில் நாடெங்கும் மரக்கன்றுகள் நடப்பட்டு வருகின்றன. நடப்பட்ட கன்றுகளின் எண்ணிக்கை அறிக்கைகளில் தவறாமல் இடம் பெறுகிறது. ஆனால் கன்று மரமாகி, மரம் முதுமையெய்தி, அதன் கிளைகள் மின்கம்பியின் மேலும் பள்ளிக்கூடக் கூரையின் மேலும் சாயும் காலத்தில், அம்மரத்தின் மேல் ஏறிப் பழுது பார்ப்பவர் யார், அவர் எதைக் கொண்டு ஏறுகிறார், எதை நம்பி ஏறுகிறார் என்ற கேள்விகள் அதே அளவு கவனத்தைப் பெறவில்லை.

இங்கு கூடியிருக்கும் நகராட்சிப் பொறியாளர்களுக்கும் தோட்டக்கலை அலுவலர்களுக்கும் இக்கேள்விகள் புதியவை அல்ல. ஒவ்வொரு மழைக்காலத்திலும், மரம் விழுந்தது என்று நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கும்போது அவை எழுகின்றன. வானம் வெளுத்ததும் மறக்கப்படுகின்றன. மரத்தின் நலனும் அதன் மேல் ஏறும் தொழிலாளியின் நலனும் வெவ்வேறு பிரச்சினைகளாகக் கருதப்படுவதே இம்மறதிக்குக் காரணம். உண்மையில் அவை இரண்டும் ஒன்றே.

பெயர் பெறாத தொழில்

மேலை நாடுகளில் மர அறுவை மருத்துவம், முறையான பயிற்சியும் சான்றிதழும் உடைய ஒரு தனித்தொழிலாகும். அமெரிக்காவில் ஜான் டேவி என்பவர் ‘மர மருத்துவர்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1901-ஆம் ஆண்டிலேயே ஒரு நூல் வெளியிட்டு, இத்தொழிலுக்கு ஒரு பெயரைத் தேடித் தந்தார்.

நம் நாட்டிலும் இக்கலை அறியப்படாததன்று. ஹௌரா நகரின் சிப்பூரில் 1787-இல் நிறுவப்பட்ட தாவரவியல் பூங்காவில் உள்ள பேராலமரம், 1864, 1867 ஆகிய ஆண்டுகளில் வீசிய புயல்களால் காயமுற்றது. காயத்தின் வழியே பூஞ்சை நுழைந்து அடிமரத்தை அரித்தது. சுமார் 50 அடிச் சுற்றளவுள்ள அந்த அடிமரம் 1925-இல் அகற்றப்பட்டது. நோயுற்ற பகுதி நீங்கியதால், ஆயிரக்கணக்கான விழுதுகளைத் தாங்கி அம்மரம் இன்றும் வாழ்கிறது. தெலங்கானாவின் மகபூப்நகர் அருகேயுள்ள பில்லலமர்ரி ஆலமரத்தைக் கரையான் அரித்தபோது, 2018-ஆம் ஆண்டில், மருத்துவமனையில் நோயாளிக்கு உப்புநீர் ஏற்றுவது போலவே, கிளைகளில் துளையிட்டு நீர்த்த பூச்சிமருந்து சொட்டுச் சொட்டாக ஏற்றப்பட்டது. தாழ்ந்த கிளைகளுக்கு முட்டுத் தூண்களும் அமைக்கப்பட்டன. தில்லியில் நோயுற்ற மரங்களுக்குச் சிகிச்சை அளிக்க மர ஆம்புலன்சுகளும் இயங்கத் தொடங்கின.

ஆயினும் முதலிரண்டும் பெயர் பெற்ற மரங்கள். தெருவோரத்துத் தூங்குமூஞ்சி மரத்திற்கும் வீட்டு முற்றத்து வேம்பிற்கும் இத்தகைய நற்பேறு கிட்டுவதில்லை. அவற்றின் மருத்துவர், மரவெட்டி என்று அழைக்கப்படும் கூலித் தொழிலாளியே ஆவார். 2020 மே மாதத்தில் ஆம்பன் புயல் கொல்கத்தா நகரில் ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்தியது. வழியடைத்துக் கிடந்த மரங்களை அகற்ற இராணுவத்தின் உதவியும் தேவைப்பட்டது. அறுக்கும் கருவிகளும் அவற்றைக் கையாளத் தெரிந்த ஆட்களும் ஒரு பெருநகருக்கு எவ்வளவு இன்றியமையாதவர் என்பது அன்று விளங்கியது.

கயிறு யாருக்கு?

ஒரு கூட்டாளிகளின் குழு வேலை செய்வதைச் சற்று நின்று கவனித்தால், இத்தொழிலின் நிலை முழுவதும் தெரியவரும். வழக்கமாக மரத்தின் மேல் ஏறுபவர் ஒருவர். கீழே வடம் பிடிப்பவர் இருவர். விழுந்த கிளைகளைத் துண்டாக்கி வண்டியில் ஏற்றுபவர் மேலும் இருவரோ மூவரோ இருப்பர். மேலே ஏறுபவர் வெறுங்காலுடன், இடுப்புத் துணியில் அரிவாளைச் செருகிக்கொண்டு, தோளில் வடத்தைச் சுமந்தவாறு ஏறுகிறார். உச்சியை அடைந்ததும், வெட்டவேண்டிய கிளையில் அந்த வடத்தைக் கட்டுகிறார். கிளை திடீரென விழுந்து சுவரையோ வாகனத்தையோ சேதப்படுத்தாமல் மெல்ல இறங்க வேண்டுமென்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஒரு வடம் இருக்கிறது. அது கிளைக்கு இருக்கிறது. கிளையை வெட்டும் ஆளுக்கு இல்லை. சுவர் இடிந்தால் நட்டஈடு கேட்பதற்கு அதன் உரிமையாளர் இருக்கிறார் என்பதே இந்த வேறுபாட்டிற்குக் காரணம்.

தொழிலாளியைக் காக்கும் கருவிகள் விந்தையானவை அல்ல. இடுப்பையும் தொடைகளையும் தாங்கும் பாதுகாப்பு வார், தலைக்கவசம், கண்ணாடி, உறுதியான ஏறுவடம் ஆகியவையே முதன்மையானவை. ஏறுவடத்தைத் தமக்கு மேலுள்ள பருத்த கிளைக்கவட்டில் போட்டு, அதன் ஒரு முனையை வாரில் பிணைத்து, மறுபகுதியில் இறுகு முடிச்சு ஒன்றைக் கட்டிக்கொள்வர். 1931-இல் ஆஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் புருசிக் பிரபலமாக்கிய முடிச்சு இவ்வகையைச் சேர்ந்தது. கையால் தள்ளினால் இம்முடிச்சு வடத்தின் மேல் நகரும். உடலின் எடை அதன் மேல் விழுந்தவுடன் இறுகிப் பற்றிக்கொள்ளும். கால் தவறினாலும் ஆள் தொங்குவாரேயன்றித் தரையில் விழமாட்டார். இரண்டு கைகளும் வேலைக்கு விடுபடுகின்றன என்பது மற்றொரு நன்மை.

அண்மைக் காலத்தில் பெட்ரோலில் இயங்கும் சங்கிலி ரம்பம் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. கோடரியால் அரை நாள் பிடிக்கும் வேலையை அது சில நிமிடங்களில் முடிக்கிறது. ஆனால் கருவி வந்த வேகத்தில் பயிற்சி வரவில்லை. அதன் சங்கிலி நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் வேகத்தில் ஓடுவது. பட்டையின் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டுவிட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னெழும்பி, பிடித்திருப்பவரின் முகத்தையோ கழுத்தையோ நோக்கிப் பாயும். இதைத் தடுக்கவே கைப்பிடிக்கு முன்னால் நிறுத்துவிசை அமைக்கப்பட்டுள்ளது. பழுதுற்ற நிறுத்துவிசையைச் சரிசெய்யாமலே ஓட்டுவதும், கிளையில் தொற்றிக்கொண்டு ஒரே கையால் ரம்பத்தைப் பிடித்து அறுப்பதும் உயிரோடு விளையாடுவதேயாகும். ரம்பத்தின் ஓசை 100 டெசிபலைக் கடந்து செவிப்புலனைக் கெடுக்கிறது. இடைவிடாத அதிர்வினால் ஆண்டுகள் செல்லச் செல்ல விரல்களில் இரத்த ஓட்டம் குன்றி, அவை வெளுத்து மரத்துப்போகின்றன. செவிக்காப்பும், சங்கிலி பட்டவுடன் அதன் பற்களில் சிக்கி ஓட்டத்தை நிறுத்தும் இழைகள் வைத்துத் தைத்த காற்சட்டையும் மேலை நாடுகளில் ரம்பத்துடன் சேர்ந்தே வழங்குகின்றன. நம் நாட்டில் ரம்பம் மட்டுமே பெரும்பாலும் வாங்கப்படுகிறது.

இவற்றோடு மின்கம்பியின் அபாயமும் சேர்கிறது. பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். வெட்டப்பட்ட ஈரக்கிளை ஒரு முனையில் கம்பியைத் தொட்டால், மறுமுனையைப் பற்றியிருப்பவரும் வடம் பிடிப்பவரும் தப்புவது அரிது. கம்பியில் மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்று யாரோ கீழிருந்து கூவிச் சொன்னதை நம்பி ஏறும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை.

வெட்டும் முறை

பயிற்சியின்மையால் தொழிலாளி மட்டும் துன்புறுவதில்லை, மரமும் துன்புறுகிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாக்கில் அறுத்து ஆராய்ந்து, ஓர் உண்மையை நிறுவினார். மனித உடலில் காயம் ஆறுவது போல மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் ஓர் அரணை எழுப்பி, கேடு பரவாமல் தடுத்து, அதன் மேல் புதிய மரத்தை வளர்த்துக்கொள்கிறது. கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் வளையம் போன்று சற்றுப் புடைத்திருக்கும் பகுதிக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு.

ஆகவே, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அடிமரத்தை ஒட்டி மழமழவென்று அறுப்பது, அந்த அரணையே தகர்ப்பதாகும். நீண்ட முளையை விட்டுவைப்பதும் தவறு. அது பட்டுப்போய்ப் பூஞ்சைக்கு வாயிலாகிறது. புடைத்த வளையத்திற்கு வெளியே, அதைக் காயப்படுத்தாமல் அறுப்பதே சரியான முறை. கனத்த கிளையாயின் மூன்று வெட்டுகள் தேவை. அடிமரத்திலிருந்து சுமார் ஓர் அடி தள்ளி, கீழ்ப்புறத்தில் சிறிதளவு அறுப்பது முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்துவது இரண்டாவது. எஞ்சிய முளையை வளையத்தருகே அறுத்தெடுப்பது மூன்றாவது. முதல் வெட்டைத் தவிர்த்தால், விழும் கிளை தன்னோடு பட்டையையும் கீழ்நோக்கி உரித்துக்கொண்டு போய்விடும். வெட்டுவாயில் தார் பூசுவதும், பொந்தைச் சிமெண்டால் அடைப்பதும் ஒரு காலத்தில் சிறந்த சிகிச்சையாகக் கருதப்பட்டன. பெரும்பாலும் அவற்றால் பயனில்லை என்றும், ஈரத்தை உள்ளே அடைத்து அவை அழுகலுக்குத் துணைபோகக்கூடும் என்றும் இன்று அறியப்பட்டுள்ளது.

எல்லாவற்றிலும் கேடானது, மரத்தின் தலையை ஒரேயடியாக மொட்டையடிப்பதாகும். மொட்டையடித்த மரம் சில மாதங்களில் அடர்த்தியாகத் துளிர்ப்பதைக் கண்டு, மரம் பிழைத்துக்கொண்டது என்று மகிழ்வோருண்டு. அத்துளிர்கள் மேற்பட்டையிலிருந்து கிளம்புபவை, உறுதியான பிணைப்பற்றவை. சில ஆண்டுகளில் அவை கனத்த கிளைகளாகும்போது, கீழே வெட்டுவாய் அழுகியிருக்கும். அடுத்த புயலில் முதலில் முறிந்து விழுவது அவையே. மீண்டும் ஆள் ஏற்றி, மீண்டும் செலவு செய்ய நேர்கிறது. மேலும் பலவீனமான அந்தக் கிளையின் மீதுதான் அப்போது தொழிலாளி காலூன்ற வேண்டியிருக்கிறது. தவறாக வெட்டப்பட்ட மரம் தன்னை வெட்டியவருக்கே அபாயமாக மாறுவது இவ்வாறுதான்.

விறகே கூலியானால்

இத்தனையும் அறியாமையின் விளைவு மட்டுமே என்று கொள்வது சரியன்று. கூலி முறையும் இதற்கு ஒரு காரணமாகும். பல ஊர்களில் மரத்தைக் கழிப்பதற்குத் தனியே கூலி தரப்படுவதில்லை, தந்தாலும் குறைவே. வெட்டிய விறகை எடுத்துக்கொள்ளலாம் என்பதே ஒப்பந்தம். வீட்டுக்காரருக்குச் செலவில்லை, அலுவலகத்திற்கும் செலவில்லை. எல்லோருக்கும் ஆதாயமாகத் தோன்றும் இவ்வேற்பாட்டில் மரத்திற்கு மட்டும் நட்டம் நேர்கிறது. பட்டுப்போன சுள்ளிகளையும் நோயுற்ற கிளைகளையும் நீக்குவதே மருத்துவம். ஆனால் விலைபோவது உயிருள்ள, பருத்த, உளுக்காத கிளையே. கூலி விறகாக இருக்கும்போது, நல்ல கிளையை விட்டுவைப்பது தன் கூலியைத் தானே குறைத்துக்கொள்வதாகிறது. இந்நிலையில் தொழிலாளியின் மனச்சான்றை நம்பி மரங்களைக் காக்க முற்படுவது பொருளியல் நியதிக்கே முரணானது.

ஒப்பந்த அடுக்கும் கவனிக்கத்தக்கது. நகராட்சியிலிருந்து ஒப்பந்தக்காரர், அவரிடமிருந்து மேஸ்திரி, மேஸ்திரியிடமிருந்து ஏறும் ஆள் எனப் பணம் இறங்கி வருகிறது. ஒவ்வொரு படியிலும் சிறிது குறைந்து, இறுதியில் மரத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் முடிகிறது. மரத்துக்கு இவ்வளவு எனில், ஒரு நாளில் எத்தனை மரங்கள் ஏற முடியுமோ அத்தனையும் ஏறியாக வேண்டும். வாரைப் பூட்டவும் முடிச்சைச் சோதிக்கவும் செலவாகும் நேரம் வருவாய் இழப்பாகத் தோன்றுகிறது. வேலையோ ஆண்டு முழுவதும் சீராகக் கிடைப்பதில்லை. பருவமழைக்கு முந்திய சில வாரங்களில் நெருக்கடியாகக் குவிந்து, பின்னர் ஓய்ந்துவிடுகிறது. மரமேறும் வலிமை நாற்பது வயதைக் கடந்ததும் குறையத் தொடங்குகிறது. அதன் பின் வடம் பிடிக்கும் ஆளாகக் கீழிறங்குவதே அவருக்குள்ள ஒரே பதவி மாற்றம்.

மரங்களைப் பாதுகாக்கச் சட்டங்கள் இல்லாமலில்லை. மகாராஷ்டிரத்தில் 1975-இலும், கர்நாடகத்தில் 1976-இலும், தில்லியில் 1994-இலும், மேற்கு வங்கத்தில் 2006-இலும் மரப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்திற்குச் சிமெண்டுத் தளம் இருத்தலாகாது என்று தில்லி மரங்களைக் குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது. எந்த மரத்தை வெட்டலாம், யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதில் கவனம் செலுத்தும் நம் நடைமுறை, எவ்வாறு வெட்ட வேண்டும், வெட்டுபவர் என்ன தகுதி பெற்றிருக்க வேண்டும் என்பதிலும் அதே கவனத்தைச் செலுத்துதல் நன்று.

கேரளம் காட்டும் வழி

இந்நிலை மாற்ற முடியாததன்று என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உள்ளது. கேரளத்தில் தென்னை மரமேறுவோர் பற்றாக்குறை ஒரு காலகட்டத்தில் கடுமையாயிற்று. முதியவர்கள் தொழிலை விட்டனர். அவர்களுடைய பிள்ளைகள் அதை ஏற்கவில்லை. விழுந்தால் வாழ்வே முடிந்துவிடும் என்ற அச்சமும், மரமேறி என்ற சொல்லில் ஒட்டியிருந்த இழிவும் அதற்குக் காரணங்கள். 45 நாட்களுக்கு ஒருமுறை பறிக்கவேண்டிய தேங்காய் மாதக்கணக்கில் மரத்திலேயே நின்றது.

கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி, கால்கள் இரண்டிற்கும் தனித்தனிச் சட்டங்களும், மரத்தைச் சுற்றிப் பற்றும் வளையங்களும் கொண்ட ஏறுகருவி ஒன்றை வடிவமைத்தார். ஒரு காலின் எடை ஒரு சட்டத்தை மரத்தோடு இறுக்க, மற்றதைத் தளர்த்தி மேலே நகர்த்தி, படியேறுவது போல ஏறலாம். இவ்வகைக் கருவியை அடிப்படையாகக் கொண்டு, தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ என்ற பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சிக் காலம் ஆறு நாட்கள். ஏறுவது மட்டுமன்றி, மரத்தின் கொண்டையைத் தூய்மை செய்தல், வண்டுகளையும் நோய்களையும் இனங்காணுதல், மருந்திடுதல், முதலுதவி ஆகியவையும் கற்பிக்கப்பட்டன. பயிற்சி முடித்தவர்களுக்கு ஏறுகருவி வழங்கப்பட்டது. மரமேறுவோருக்கென ‘கேர சுரக்ஷா’ என்ற விபத்துக் காப்பீடு ஏற்படுத்தப்பட்டு, அதன் கட்டணத்தில் முக்கால் பங்கை வாரியமும் கால் பங்கைத் தொழிலாளியும் ஏற்கும் முறை வகுக்கப்பட்டது. இதுகாறும் மரமேறுதல் தங்களுக்குரியதன்று என்று ஒதுங்கியிருந்த பெண்களும் பயிற்சிக்கு முன்வந்தனர்.

இக்கருவிக்கும் எல்லையுண்டு. பழக்கப்பட்டவர் தளைக்கயிற்றுடன் ஏறும் வேகம் இதில் கிடைப்பதில்லை. கிளைகளற்ற ஒற்றைத் தண்டு மரங்களுக்கே இது பொருந்தும். ஆலுக்கும் வேம்புக்கும் ஏறுவடமே தேவை. ஆனால் இங்கு கவனிக்க வேண்டியது கருவியின் வடிவத்தையன்று; ஏற்பாட்டின் வடிவத்தையே. கருவி, பயிற்சி, காப்பீடு, மதிப்பான ஒரு பெயர் ஆகிய நான்கும் ஒருங்கே வழங்கப்பட்டன. கருவியை மட்டும் தந்திருந்தால் அது கொட்டகையில் துருப்பிடித்திருக்கும். காப்பீட்டை மட்டும் தந்திருந்தால் விழுந்தபின் ஆறுதலாக இருந்திருக்குமேயன்றி, விழாமல் காத்திருக்காது. நோயை இனங்காணக் கற்றதன் மூலம், காய் பறிப்பவர் மரத்தின் மருத்துவராகவும் உயர்ந்தார்.

செய்யத்தக்கவை

நகர மரங்களைப் பேணுவோருக்கும் இம்முறையை விரிவுபடுத்துவது இயலாத காரியமன்று. அதற்குப் பெருநிதி தேவையில்லை. ஒப்பந்தப் படிவத்தில் சில வரிகளை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதலாவதாக, கூலியையும் விறகையும் பிரித்துவிட வேண்டும். விறகு தனியே ஏலமிடப்படட்டும். தொழிலாளிக்குப் பணமாகக் கூலி வழங்கப்படட்டும். விட்டுவைத்த நல்ல கிளையினால் எவருக்கும் நட்டமில்லை என்ற நிலை அப்போது உருவாகும்.

இரண்டாவதாக, ஏறுவடமும் வாரும் தலைக்கவசமும் இன்றி எவரும் ஏறலாகாது என்பதையும், மின்வாரியத்தின் எழுத்துமூலமான உறுதியின்றி மின்கம்பியருகே வேலை தொடங்கலாகாது என்பதையும் ஒப்பந்த நிபந்தனைகளாக்க வேண்டும். பெருநகரங்களில் ஏணி வண்டி வாங்கப்படுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் அது குறுகிய சந்துகளில் நுழையாது. அங்கே மனிதரே ஏறுவார் என்பதை மறந்து கருவிகளுக்கான நிதியை ஒதுக்குதல் கூடாது.

மூன்றாவதாக, மழைக்கு முன்னர் அவசரமாக வெட்டுவதை விடுத்து, மரங்களைக் கணக்கெடுத்து, ஆண்டு முழுவதும் வேலையைப் பரவலாக்கினால், தொழிலாளிக்கு நிலையான வருவாயும் மரத்திற்கு நிதானமான சிகிச்சையும் ஒருசேரக் கிட்டும்.

நான்காவதாக, நடப்பிலுள்ள சமூகப் பாதுகாப்புத் திட்டங்கள் இவர்களைச் சென்றடையச் செய்தல் வேண்டும். 2021-இல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் பதிவேட்டில் 30 கோடிக்கும் மேற்பட்ட அமைப்புசாராத் தொழிலாளர்கள் பதிவு செய்துள்ளனர். 2015-இல் தொடங்கப்பட்ட பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டணத்தில் 2 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பு கிடைக்கிறது. மரமேறும் ஒவ்வொருவருக்கும் இந்த இருபது ரூபாயை ஒப்பந்தக்காரரே செலுத்தியாக வேண்டும் என்று விதிப்பதில் தயக்கம் காட்டக் காரணமில்லை.

ஐந்தாவதாக, இத்தொழிலுக்கு ஏற்புடைமை வழங்க வேண்டும். 2023-இல் தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டம் 18 பாரம்பரியத் தொழில்களை ஏற்று, பயிற்சியும் கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை உதவியும் அளிக்கிறது. கோடரியை அடிக்கும் கொல்லர் அப்பட்டியலில் இருக்கிறார். அறுத்த மரத்தை இழைக்கும் தச்சர் இருக்கிறார். தேங்காய்நார் நெய்பவரும் இருக்கிறார். மரத்தின் மேல் ஏறுபவர் மட்டும் இல்லை. இக்குறை உரியவர்களின் பரிசீலனைக்குத் தகுதியானது.

ஒரு மரத்தை நடுவதற்கு ஒரு நாள் போதும். அதை நூறாண்டு காப்பதற்குப் பல தலைமுறைத் தொழிலாளர்களின் கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்கு உரிய கருவியும், உழைப்புக்கு உரிய கூலியும், உயிருக்கு உரிய காப்பும் அளிப்பது மரம் வளர்ப்புத் திட்டத்தின் ஒரு பகுதியே ஆகும். வரும் பருவமழைக்கு முன் இங்குள்ள அலுவலர்கள் கையொப்பமிடவிருக்கும் ஒப்பந்தங்களில், கிளைக்கு ஒரு வடம், ஆளுக்கு ஒரு வடம் என்ற ஒரே வரியேனும் புதிதாக இடம்பெறுமாயின், அதுவே நல்ல தொடக்கமாக அமையும்.